எண்பது வீட்டுத் தெருவின் விலை

மார்ச் 4, செவ்வாய்

31-ம் நம்பர் வீட்டை அளந்து முடித்தேன். கதவில் பேங்க் ஒட்டிய சீல் காகிதம் வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியவில்லை. சாவி கொண்டுவந்த ஊழியர் வாசலிலேயே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் மட்டும் உள்ளே போனேன்.

ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு. குளியலறைக் குழாயில் தண்ணீர் வற்றி, சாக்கடை நாற்றம் மேலே ஏறி வருகிறது. சமையலறைச் சுவரில் ஈரம் பார்க்கிற மீட்டரை வைத்தால் முள் சிவப்பைத் தாண்டுகிறது. ஆனால் தரை மட்டும் சுத்தமாக இருந்தது. வீட்டை விட்டுப் போன அன்று யாரோ துடைத்து, அந்தத் துணியையும் அலசி ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜப்தி பண்ண வருகிறவர்களுக்காக வீட்டைத் துடைத்து வைத்த அந்த ரோஷத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? படிவத்தில் அதற்கு இடமில்லை.

எண்பது வீடும் ஒரே அச்சு. டயர் ஃபேக்டரி ஆட்களை நம்பி ஒரே கான்ட்ராக்டர் ஒரே மூச்சில் கட்டியது. ஃபேக்டரி மூடி இரண்டு வருஷம். இதுவரை பதினொரு வீட்டுக்குச் சீல். கண்ணை மூடிக்கொண்டே அளவு சொல்லிவிடுவேன். ஆனாலும் டேப் போடாமல் எழுத மாட்டேன். வீடுகளுக்கு விலை மதிப்பிடுகிற தொழிலில் பத்தொன்பது வருஷப் பழக்கம் அது. அதனால்தான் வீட்டில் எனக்கு 'இன்ச் டேப்பு' என்று பெயர்.

படிவத்தின் கடைசிக் கட்டம்: அக்கம்பக்கத்தில் சமீபத்தில் நடந்த மூன்று விற்பனைகள். பேங்க் அனுப்பிய பட்டியலில் இருந்து மூன்றை எடுத்து எழுதினேன். சராசரி போட்டேன். ஈரத்துக்காகக் கொஞ்சம் கழித்தேன். கையெழுத்து.

அதே தெருவில் 44-ல் என் தங்கை சின்னவள் வீடு. வழக்கம்போல அங்கே டீ. அவளும் புருஷனும் வீடு வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது, ஐந்து வருஷத்துக்கு ஒருதரம் கடனைப் புதுப்பிக்கணும் என்பது பேங்க் விதி, இப்போது அந்தக் கெடு. "பேங்க்ல இருந்து ஒருத்தர் வந்து விலை போட்டுட்டுப் போவாராம்க்கா" என்றாள். ஒரு தவணை தவறினதில்லை, உனக்கென்னடி பயம் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

31-ன் ரிப்போர்ட் அனுப்பியாச்சு. தலைவலி.

மார்ச் 12, புதன்

சின்னவள் போன். குரலே சரியில்லை.

வீட்டை அவர்கள் வாங்கிய விலை நூறு என்று வைத்தால் (இந்த நோட்டில் இனி எல்லா விலையும் இந்தக் கணக்கில்தான்), இன்று அதன் விலை அறுபத்திரண்டு என்று பேங்க் சொல்கிறதாம். கடனில் இன்னும் எழுபது பாக்கி. வீட்டை விடக் கடன் பெரிசாக இருப்பதால் புதுப்பிக்க முடியாது. வித்தியாசத்தைத் தொண்ணூறு நாளில் கட்டுங்கள், இல்லாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும் என்று கடிதம்.

"நாங்க என்னக்கா தப்பு பண்ணினோம்? ஒரு மாசம் தவறியிருக்கோமா? ஃபேக்டரி மூடின மறுவாரமே கிடங்குல வண்டி ஓட்டப் போனாரே அவரு? ஊரான் கட்டலைன்னா என் வீட்டு விலை ஏன் இறங்கணும்?"

அந்த ரிப்போர்ட்டின் நகலை வாங்கிக்கொண்டு வா என்றேன்.

மார்ச் 13, வியாழன்

சின்னவள் புருஷன் வேலைக்குப் போகிற வழியில் நகலைக் கொடுத்துவிட்டுப் போனார். மதிப்புப் போட்டவர் இன்னொருத்தர். எங்கள் தொழிலில் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர், ஒரு நாளில் பன்னிரண்டு வீடு முடிப்பார்.

கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். மூன்று விற்பனைகள்: 17, 23, 38. மூன்றுமே ஏலத்தில் போனவை.

17-க்கு ஏல ஆரம்ப விலை போட்ட ரிப்போர்ட் என்னுடையது. 38-க்கும் என்னுடையது.

நான் 17-க்குக் குறைத்து ஒரு விலை போட்டேன், 'அவசர விற்பனை' என்று பேங்க் கேட்டதால். வீடு அந்த விலைக்கே போயிற்று. எக்ஸ்பிரஸ் அந்த விலையைப் பார்த்து 23-க்கு இன்னும் கொஞ்சம் குறைத்தார். நான் 23-ஐப் பார்த்து 38-க்குக் குறைத்தேன். அவர் 38-ஐப் பார்த்து என் தங்கை வீட்டுக்குக் குறைத்தார். ஒவ்வொரு காகிதமும் சரியாகத்தான் இருக்கிறது. கூட்டல் பிழை ஒன்றுகூட இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு படியாக ஒரு தெருவையே கீழே இறக்கிவிட்டிருக்கிறோம்.

இதற்கு மேல் எழுதவே —

மார்ச் 15, சனி

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இருபத்தாறு வருஷமாகச் சிட்டி பஸ் ஓட்டுகிற மனுஷன். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பஸ் கதை உண்டு.

"நீ ரூட் போடலை, வண்டிதான் ஓட்டினே. அது சரி. ஆனா இடிச்சுடுச்சுன்னு தெரிஞ்சப்புறம் இறங்கிப் பார்க்காம போனா, அப்பறம் அவன் டிரைவர் இல்லை."

"சின்னவளுக்குத் தெரியாதுங்க."

"நீ சொன்னா தெரியும். இன்னொருத்தன் சொன்னாலும் தெரியும். எது நல்லதுன்னு நீயே பாத்துக்க."

மார்ச் 19, புதன்

சொல்லிவிட்டேன்.

அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். நான் பேசி முடித்ததும் அடுப்பை அணைத்தாள்.

"17-ஐ அளந்த அன்னைக்கும் இங்கதான் வந்தே."

"ஆமா."

"38 அளந்துட்டும் வந்தே. பிள்ளைங்களோட உட்கார்ந்து சாப்பிட்டே."

"ஆமாடி."

"அந்த நம்பரை எல்லாம் பையில வெச்சுக்கிட்டு என் வீட்டுல டீ குடிச்சிருக்கே."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் என் கைப்பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான். கதவைச் சாத்தினாள், மெதுவாக.

கோபமா வருது எனக்கு. அவ மேல இல்ல. என் மேலதான் — அப்புறம் அந்தக் கட்டத்தின் மேல. மூன்று விற்பனைகளை எழுதுன்னு கேட்குது, எப்படி நடந்த விற்பனைன்னு கேட்கவே இல்லையே அது? பத்தொன்பது வருஷமா நானும் அதைத் திருப்பிக் கேட்கலையே?

மார்ச் 24, திங்கள்

அழுதது போதும். ஏலம் எப்படி நடக்கிறது என்று ஒருநாள்கூட நேரில் போய்ப் பார்த்ததில்லை. அடுத்த செவ்வாய் போகிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பேங்க் கட்டடத்தின் பின்பக்கம், மாடியில் ஒரு சின்ன அறை. ஐந்து நாற்காலி. காலை ஒன்பது மணி. அறிவிப்பை எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று தேடினேன். கதவுக்குப் பின்னால், கதவைச் சாத்தினால்தான் தெரிகிற பலகையில்!

வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கட்டம் போட்ட சட்டை, அவரைத்தான் எண்பது வீட்டில் 'செவ்வாய்க்கிழமை' என்று சொல்கிறார்கள். செவ்வாய் தோறும் ஏலம் எடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே வந்து வீட்டைப் பார்ப்பாராம். இன்னொருத்தி அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவர் ஆரம்ப விலையைச் சொன்னார். அவள் ஒரு படி ஏற்றினாள். அவர் இன்னொரு படி. முடிந்தது. மூன்று வீடு, பதினொரு நிமிஷம். நான் கடிகாரம் பார்த்தேன். இறங்கிப் போகும்போது இரண்டு பேரும் ஒரே காரில் ஏறினார்கள்.

கவுன்டரில் விசாரித்தேன். ஏலத்துக்கு முன்னால் வீட்டை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா? முடியாது. முழுப் பணமும் எத்தனை நாளில் கட்டணும்? ஏழு.

நான் தேர்வுக்குப் படித்த முதல் பாடம் இன்னும் மனப்பாடம். வாங்குகிறவனுக்கு வாங்க மனசு இருக்கணும், விற்கிறவனுக்கு விற்க மனசு இருக்கணும், இரண்டு பேருக்கும் யோசிக்க நேரம் இருக்கணும், பொருள் என்னவென்று தெரிந்திருக்கணும். அப்படிப் படிகிற விலைதான் சந்தை விலை. அந்த மாடி அறையில் இந்த நாலில் எது இருந்தது? வாங்குகிறவன் மனசு மட்டும். அப்படியானால் அது சந்தை விலை இல்லை. இல்லை என்றால் இல்லைதான். யார் வேண்டுமானாலும் வந்து என்னோடு வாதாடட்டும்.

ஏப்ரல் 2, புதன்

பதிவு அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஆவணங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான்தான் இத்தனை நாள் பார்க்கவில்லை.

எண்பது வீட்டில் இதுவரை ஏலத்தில் போனவை ஏழு. வாங்கியவர்கள் நான்கு பெயர். நான்கு பெயருக்கும் ஒரே முகவரி, ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடி.

இன்னொன்றும் இருக்கிறது. 6-ம் நம்பர் வீடு டிசம்பரில் கைமாறியிருக்கிறது. ஏலம் இல்லை, ஜப்தி இல்லை. வேறு ஊருக்குப் போகிற ஒரு குடும்பம், வீடு தேடிய இன்னொரு குடும்பத்துக்குப் பேரம் பேசி விற்றது. விலை தொண்ணூற்றாறு.

அதே தெரு. அதே அச்சு. அதே ஓட்டுக் கூரை. தொண்ணூற்றாறு!

பேங்க் பட்டியலில் 6-ம் நம்பர் இல்லை. பேங்க் விற்றதை மட்டும்தான் பேங்க் எழுதுகிறது. நான் அதைத் தாண்டி ஒரு எட்டு வெளியே போகவில்லை. சுவரை அங்குலம் அங்குலமாக அளந்தவளுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பதிவு அலுவலகத்துக்குப் போக நேரமில்லையாம். சோம்பேறி. வேறென்ன சொல்ல.

ஏப்ரல் 8, செவ்வாய்

நேற்று பேங்க்குக்குக் கடிதம் கொடுத்தேன். 17, 38, 31 — மூன்று ரிப்போர்ட்டிலும் நான் போட்ட விலை தவறு, திருத்தித் தருகிறேன் என்று. இன்று மேனேஜர் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் ஆரம்பித்தார்.

"மேடம், பழைய ரிப்போர்ட்டைத் திருத்துற வழக்கம் இங்க இல்ல."

"இல்லைன்னா இன்னைக்கு ஆரம்பிப்போம் சார்."

"பூட்டிக் கிடக்கிற வீடு ஒரு தெருவுக்கே கேடு. பக்கத்து வீட்டு விலையும் இறங்குது. சீக்கிரம் வித்துத் தள்ளுறதுதான் எல்லாருக்கும் நல்லது. தலைமை அலுவலகம் அதைத்தான் சொல்லுது."

"வித்துத் தள்ளுறீங்க. அது யார் தலையில விழுதுன்னு எட்டிப் பார்த்தீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கும் அந்தப் பக்கம்தான் மேடம் வீடு. எனக்கும் இறங்கிடுச்சு. ஆனா நான் மேலே எழுதினா, என் நாற்காலியில நாளைக்கு வேற ஒருத்தர் இருப்பாரு."

"சரி சார். நீங்க எழுத வேண்டாம். நான் எழுதறேன்."

ஏப்ரல் 9, புதன்

பேங்க் மதிப்பீட்டாளர் பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு இரண்டு வரிக் கடிதம். அதிலும் ஒரு எழுத்துப் பிழை.

ஏப்ரல் 10, வியாழன்

பயமாக இருக்கிறதா என்று வீட்டுக்காரர் கேட்டார். இருக்கு என்றேன். அப்புறம் என்ன பண்ணப் போறே? எண்பது வீட்டையும் அளக்கப் போறேன் என்றேன். சிரித்தார். "இன்ச் டேப்பு, டீசலுக்காவது கேளு" என்றார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பத்து நாளில் முப்பத்து நான்கு வீடு. காசு வாங்கவில்லை. யார் கடன் புதுப்பிக்கப் போகிறார்களோ அவர்களுக்கு முதலில். உள்ளே போய், டேப் போட்டு, கூரையைப் பார்த்து, 6-ம் நம்பர் விற்பனையையும் சேர்த்து ரிப்போர்ட். ஏல விலைகளைத் தனியாக, அடியில், 'இவை நிர்ப்பந்த விற்பனை' என்று குறிப்பிட்டு எழுதினேன்.

எல்லாரும் வரவேற்கவில்லை. ஒருவர் வாசலிலேயே நிறுத்தி, "விலையை இறக்கினதும் நீங்க, ஏத்த வந்ததும் நீங்களா? நல்லா இருக்கு பிழைப்பு" என்றார். உண்மைதானே. நாளைக்கு வர்றேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், மறுநாள் போனேன். அளக்க விட்டார்.

22-ல் தையல்காரம்மா. நவம்பரில் அவள் வீடு ஏலம் போய், செவ்வாய்க்கிழமை எடுத்தார். எடுத்து அவளுக்கே வாடகைக்கு விட்டிருக்கிறார். முன்பு அவள் கட்டிய தவணையை விட வாடகை அதிகம்.

"என் வீட்டுக்கு நானே குடித்தனக்காரி" என்றாள், வாயில் ஊசியை வைத்துக்கொண்டு. "சுவத்துல ஆணி அடிக்கணும்னா அந்த ஆளைக் கேட்கணும். அந்தச் சுவருக்குத் தண்ணி ஊத்தினவ நான்."

"உங்க வீட்டை அளக்கட்டுமா?"

"எதுக்கு? வாடகையை ஏத்தவா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

44-ஐத் தாண்டித்தான் 46-க்குப் போகணும். ஜன்னல் திரை அசைந்தது. சின்னவள்தான். நான் கூப்பிடவில்லை. சொந்தத் தங்கை வீட்டுக்கு நான் ரிப்போர்ட் எழுதினால் செல்லாது. அவளிடம் வேறு எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஏப்ரல் 28, திங்கள்

31-ன் ஏலம் அடுத்த செவ்வாய். நான் மார்ச்சில் போட்ட பாழாய்ப்போன விலைதான் ஆரம்ப விலை. திருத்தத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏலத்தை நிறுத்த என்னால் முடியாது. ஏலம் நடக்கிறது என்று நாலு பேருக்குச் சொல்ல முடியும். அதற்கு எந்த மேனேஜரும் அனுமதி தர வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் தன் பஸ் டிப்போவில் டூட்டி சார்ட்டுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டார்: வீடு, இடம், நாள், மணி, ஆரம்ப விலை. சூப்பர்வைசர் கூப்பிட்டு, "இது டிப்போவா, புரோக்கர் ஆபீஸா?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு, "உள்ளே எத்தனை ரூம்?" என்று விசாரித்தாராம்.

மே 6, செவ்வாய்

எழுதியே ஆகணும். எல்லாவற்றையும்.

எட்டரைக்கே போய்விட்டோம். எண்பது வீட்டில் இருந்து முப்பது பேருக்கு மேல். டிப்போவில் இருந்து ஏழு பேர், அவர்களில் நான்கு பேர் கையில் முன்பணக் காசோலை. ஐந்து நாற்காலி இருக்கிற அறையில் மூச்சு விட இடமில்லை. மாடிப்படி வரைக்கும் ஆட்கள். யாரும் சத்தம் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். யாரும் போடவில்லை. அந்த அமைதியே ஏலம் விடுகிறவருக்கு வேர்க்க வைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை வந்தார். கட்டம் போட்ட சட்டை. தன் வழக்கமான நாற்காலியில் தையல்காரம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"இது என் இடம்" என்றார்.

"அப்படியா? வாடகைக்கு விடறேன், உட்காருங்க" என்றாள்.

ஆரம்ப விலை. அவர் ஒரு படி ஏற்றினார், பழக்கத்தில். அன்று அவரோடு ஒரே காரில் போன பெண் ஒரு படி. அப்போது பின்னால் இருந்து என் வீட்டுக்காரரின் ஸ்நேகிதர், 12-ம் ரூட் டிரைவர், பள்ளிக்கூடத்தில் கை தூக்குகிற மாதிரி கையைத் தூக்கினார். இன்னொரு டிரைவரும் அவர் மனைவியும் தூக்கினார்கள். அறுபத்தைந்து. எழுபது. எழுபத்து நான்கு. செவ்வாய்க்கிழமை திரும்பித் திரும்பிப் பார்த்தார். எண்பதில் எழுந்தார். படியில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள், மரியாதையாக.

எண்பத்து நான்கில் டிரைவர் தம்பதிக்குப் போயிற்று. நாற்பது நிமிஷம் ஆயிற்று.

31-ன் பழைய சொந்தக்காரர் வந்திருந்தார், ஃபேக்டரியில் மெஷின் ஓட்டியவர். இப்போது அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிறார். கடன் போக மீதி அவருக்குத்தான் என்று ஏலம் விட்டவர் சொன்னபோது அவருக்குப் புரியவேயில்லை. "மீதி வருமா?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். வரும் என்றேன். வீட்டை வாங்கிய டிரைவரின் மனைவியிடம் அவர் போய், "சமையலறைச் சுவத்துல தண்ணி இறங்கும்மா, வெளிப்பக்கம் குழாயை மாத்துங்க, மத்தபடி நல்ல வீடு" என்றார்.

இறங்கும்போது பார்த்தேன், கடைசிப் படியில் சின்னவள். வந்தது எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்தாள். முன்னால் நடந்து போய்விட்டாள்.

மே 19, திங்கள்

பதிவுத் தபால். மதிப்பீட்டாளர் கவுன்சிலில் என் மேல் புகார். தங்கை குடியிருக்கும் தெருவை மதிப்பிட்டேன், அதை மறைத்தேன், பேங்க் தகவலை வெளியே சொன்னேன். ஜூன் 18 விசாரணை. உரிமத்தையே ரத்து செய்யலாமாம்.

மறைத்தேன் என்பது நிஜம். அதை ஒத்துக்கொள்வேன். மற்றதற்கு வாங்க, பார்க்கலாம்.

ஜூன் 2, திங்கள்

சின்னவளுக்கு இன்னும் எட்டு நாள்தான். மானம் பார்த்தால் ஆகாது. எக்ஸ்பிரஸ் வீட்டுக்கே போனேன்.

"நீங்க போட்ட நம்பரைப் பார்த்துத்தானே நானும் போட்டேன்? இப்ப என்னைத் திருத்தச் சொல்றீங்க" என்றார்.

"ஆமாம். நானும் நீங்களும் சேர்ந்து செஞ்ச வேலை. என் பங்கை நான் திருத்திட்டேன்."

"வேலை போச்சே உங்களுக்கு."

"போச்சு. ஒண்ணு கேட்கிறேன், உள்ளதைச் சொல்லுங்க. 44-க்குள்ள போனீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். காரை விட்டே இறங்கவில்லையாம்.

"அப்படின்னா திருத்த வேண்டாம். ஒருதரம் உள்ளே போய்ப் பாருங்க. புதுசா ரெண்டு விற்பனை இருக்கு, அதையும் பாருங்க. அப்பறமும் அறுபத்திரண்டுன்னு உங்க மனசுக்குப் பட்டா அப்படியே விட்டுடுங்க."

பார்க்கிறேன் என்றார். பார்ப்பாரா?

ஜூன் 5, வியாழன்

பார்த்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம் இருந்தாராம், டேப்போடு. சின்னவள் புருஷன் போனில் சொன்னார். எண்பத்தாறு.

ஜூன் 10, செவ்வாய்

கடன் புதுப்பித்தாயிற்று. ஐந்து வருஷத்துக்கு இல்லை, ஒரே வருஷத்துக்கு. அடுத்த வருஷம் மறுபடி பார்ப்பார்களாம். பார்க்கட்டும்.

சின்னவளிடம் இருந்து போன் இல்லை.

ஜூன் 18, புதன்

மூன்று பேர், நீள மேஜை. நடுவில் இருந்தவர் கேட்டார்: "உங்க தங்கை அங்க குடியிருக்காங்கன்னு பேங்க்குக்குச் சொன்னீங்களா?"

"சொல்லலை. தப்புதான்."

"தங்கைக்கு ஆதாயம் செய்யத்தானே இதெல்லாம்?"

"ஐயா, என் தங்கை வீட்டு விலையைக் குறைச்சதே என் கையெழுத்துதான். ஆதாயம் பண்றவ அப்படியா பண்ணுவா?"

ஓரத்தில் இருந்த அம்மா சிரிப்பை அடக்கினார். நான் கேட்டேன்: "மறைச்சதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க, வாங்கிக்கறேன். ஆனா என் திருத்தத்துல கணக்கு தப்புன்னு உங்க மூணு பேர்ல ஒருத்தராவது சொல்லுங்க. யாருக்கும் தெரியாத மாடி அறையில ரெண்டு பேர் பதினொரு நிமிஷத்துல பேசின விலையை எண்பது குடும்பத்துக்கும் சந்தை விலைன்னு எழுதலாமா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

ரிப்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஆறு மாதத் தடை. டிசம்பர் 18 வரை எந்த வீட்டுக்கும் விலை சொல்லக் கூடாது, வாயாலும் எழுத்தாலும். உரிமம் பிழைத்தது.

ஜூலை 3, வியாழன்

ரயில்வே லைன் பக்கம் இருந்து ஒருவர், பழைய மில் குடியிருப்பில் இருந்து இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். அங்கேயும் இதே கதை. பூட்டிய வீடு, ஏலம், பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கடிதம். ஊர் முழுக்க இதுதான் நடந்துகொண்டிருக்கிறது, அவரவர் தெருவில் மட்டும் என்று அவரவர் நினைத்திருக்கிறார்கள். விலை சொல்ல எனக்குத் தடை. பதிவு அலுவலகத்துக்கு எப்படிப் போவது, எந்த ஆவணத்தைக் கேட்பது என்று சொல்லித் தரத் தடை இல்லை. சொல்லிக் கொடுத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

22 காலி. வாடகையை மறுபடி ஏற்றினார் செவ்வாய்க்கிழமை. தையல்காரம்மா போய்விட்டாள். அவள் வீட்டை மட்டும் யாராலும் திருப்ப முடியவில்லை. நவம்பரில் நான் விழித்திருந்தால் — சரி. விழிக்கவில்லை.

வண்டியில் மெஷினை ஏற்றிவிட்டு, திரும்பிப் போய்க் காலிங்பெல்லைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "பத்திரத்துல வீடுதான் எழுதியிருக்கு. பெல் எழுதலை" என்றாள்.

ஜூலை 24, வியாழன்

கவுன்சிலில் இருந்து எல்லா மதிப்பீட்டாளர்களுக்கும் சுற்றறிக்கை. ஏல விற்பனையைத் தனியாகக் காட்டணும், வீட்டுக்குள் போகாமல் ரிப்போர்ட் எழுதக் கூடாது. தடையில் இருக்கிற எனக்கும் ஒரு நகல் வந்தது. கீழே, பேங்க் கடிதம் போலவே, எழுத்துப் பிழை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் சின்னவள் போன். ஐந்து மாதத்தில் முதல் தடவை. "முன்பக்கச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கணும். அவருக்கு ஷிப்ட். ஏணியைப் பிடிக்க ஆள் வேணும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. போனேன்.

அவள் ஏணி மேல், நான் கீழே. ஒரு மணி நேரத்தில் பாதிச் சுவர் முடிந்தது. எதிர்வரிசையில் 31-ல் டிரைவர் தம்பதி புதுக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் இரண்டு சிறிசுகள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் போல, ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

"இங்க வீடு ஏதாவது விலைக்கு வருதாங்க?" என்று என்னிடம் கேட்டாள் அந்தப் பெண். "வந்தா என்ன விலை போகும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேலே இருந்து குரல் வந்தது.

"அக்காவைக் கேட்காதீங்க. விலை சொல்லக் கூடாதுன்னு அவங்களுக்குத் தடை. என்னைக் கேளுங்க." சின்னவள் பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு, ஏணியிலிருந்து பாதி இறங்கி நின்றாள். "தொண்ணூறுக்குக் குறைஞ்சு யாராவது சொன்னா நம்பாதீங்க, உள்ளே ஏதோ கோளாறு. கோடி வீட்டுக்காரர் மட்டும் யோசனையில இருக்காரு, போய்க் கேட்டுப் பாருங்க. இது விலைக்கு இல்லை."

அந்தப் பெண் போனை எடுத்துக் குறித்துக்கொண்டாள். இரண்டு பேரும் தெருக்கோடியைப் பார்த்து நடந்தார்கள்.

"ஏணியை ஒழுங்காப் பிடி அக்கா" என்றாள் சின்னவள்.